2,163 டாலர் எங்கே நின்றது? ஒரு நியூயார்க் ஸ்டேட் ரீஃபண்டின் கதை

எங்கள் குடியிருப்பில் இரண்டு கட்டடம் தள்ளி இருக்கும் ஒரு தம்பியின் விவகாரம் இது. பெயர் வேண்டாம் என்றார். எண்களையும் தேதிகளையும் எழுதிக்கொள்ளச் சொன்னார். "நாலு பேருக்கு உபயோகப்பட்டா சரிண்ணா" என்றார். நான் கணக்காளர் கிடையாது. டாக்ஸ் சீசனில் அக்கம்பக்கத்தவர்கள் காகிதத்தோடு வந்தால் கூட உட்கார்ந்து படித்துப் பார்ப்பேன், அவ்வளவுதான்.

தம்பிக்குக் கும்பகோணம் பக்கம். மனைவியோடு நியூயார்க் நகரத்தில், க்வீன்ஸ் ஃப்ளஷிங்கில் குடியிருந்தார். பிள்ளையார் கோவிலுக்கு நடந்து போகிற தூரம். கோவில் கேன்டீன் தோசையால் வார இறுதிச் சமையல் மிச்சம். வேலை மன்ஹாட்டனில். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தால் தங்க ஒரு அறை கூடுதலாக வேண்டும் என்று 2023 நடுவில் நியூ ஜெர்சி எடிசனுக்கு மாறினார்கள். அலுவலகம் மாறவில்லை. காலையில் எடிசனில் ரயில் ஏறி பென் ஸ்டேஷனில் இறங்கினால் ஆயிற்று.

ரீஃபண்ட் என்பது கூடுதலாகப் பிடித்த வரி திரும்ப வருவது. அதன் வேர் இந்த வீடு மாற்றத்தில்தான் இருக்கிறது. நியூயார்க்கில் சம்பளத்தில் இரண்டு வரிகள் பிடிப்பார்கள். ஒன்று மாநில வரி. நியூயார்க்கில் வேலை பார்த்துச் சம்பாதித்தால், குடியிருப்பது எடிசனாக இருந்தாலும் அதைக் கட்டத்தான் வேண்டும். இன்னொன்று நகர வரி. அது நகரத்துக்குள் குடியிருப்பவர்களுக்கு மட்டும், விகிதம் 3.078 சதவீதத்தில் தொடங்கி 3.876 வரை போகும். ஆற்றைத் தாண்டி நியூ ஜெர்சிக்கு வந்த நாளிலிருந்து இந்த இரண்டாவது வரி தம்பிக்குக் கிடையாது.

ஆனால் வீடு மாறிய செய்தி பேரோலுக்கு, அதாவது அலுவலகத்தின் சம்பளப் பிரிவுக்கு, தானாகப் போய்ச் சேராது. ஐடி-2104 என்று ஒரு படிவம் உண்டு. நியூயார்க் நகரத்தில் குடியிருக்கிறீர்களா என்று அதில் ஒரு கேள்வி. ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள். வேலையில் சேர்ந்த அன்று தம்பி 'ஆம்' கட்டத்தில் குறியிட்டுக் கொடுத்தது அப்படியே கிடந்தது. வங்கி, செல்ஃபோன், கார் இன்ஷூரன்ஸ் என்று எல்லா இடத்திலும் முகவரியை மாற்றியவர் இதை மாற்றவில்லை. டிசம்பர் வரை நகர வரி பிடித்துக்கொண்டே இருந்தார்கள். வருடச் சம்பளத்தையும் பிடித்த வரியையும் காட்டி அலுவலகம் தரும் சீட்டு டபிள்யூ-2. ஜனவரி கடைசியில் வந்த அதில் 19ஆம் பெட்டியில் முழு வருடத்து நகர வரி, 20ஆம் பெட்டியில் 'என்ஒய்சி', அதாவது நியூயார்க் நகரம்.

இப்படிக் கூடுதலாகப் போனதுதான் பெரும்பகுதி. எல்லாம் சேர்த்து நியூயார்க்கிடமிருந்து திரும்ப வர வேண்டியது 2,163 டாலர் என்று மென்பொருள் கணக்குச் சொன்னது. ஃபெடரல், அதாவது மத்திய அரசின் ரீஃபண்ட் 1,448. நியூ ஜெர்சிக்கு இவர் கட்ட வேண்டியது ஒற்றை இலக்க டாலர். 2024 பிப்ரவரி 11, ஞாயிற்றுக்கிழமை இரவு ஒரே பொத்தானை அழுத்தி மூன்று வரிக் கணக்குகளையும், அதாவது ரிட்டர்ன்களையும், அனுப்பிவிட்டார். கடைசித் திரையில் பெரிய எழுத்தில் மொத்தமாக 3,611 டாலர் என்று காட்டியதாம். அந்த எண் மட்டும் மனதில் தங்கிவிட்டது.

பிப்ரவரி 23 அன்று 1,448 வங்கியில் விழுந்தது. மீதி எங்கே?

எல்லாரும் செய்வதை அவரும் செய்தார். மத்திய வரித்துறையான ஐஆர்எஸ்ஸின் தளத்தில் ரீஃபண்ட் எங்கே என்று பார்க்கும் பக்கத்துக்குப் போனார். அனுப்பியாயிற்று என்று அது சொன்னது. உண்மைதான். ஐஆர்எஸ்ஸுக்குத் தெரிந்தது ஐஆர்எஸ் கொடுக்க வேண்டிய பணம் மட்டுமே. மாநிலப் பணம் மாநில வரித்துறையின் கையில். அதன் நிலையை அந்தந்த மாநிலத்தின் தளத்தில்தான் பார்க்க வேண்டும். ஒரே பொத்தானில் அனுப்பியதால் ஒரே இடத்துக்குப் போனது மாதிரி தோன்றுகிறது. நடந்தது என்னவோ மூன்று தபால்களை ஒரே பையில் போட்டுக் கொடுத்த கதை.

இதற்கிடையில் வாட்ஸாப் குழுவில் கல்லூரித் தோழர் ஒருவர், "எனக்கு எல்லாம் வந்தாச்சே, உனக்கு இன்னுமா?" என்று கேட்டு வைத்தார். அவர் இருப்பது டாலஸில். டெக்சஸில் மாநில வருமான வரியே கிடையாது. அவருடைய 'எல்லாம்' ஃபெடரலோடு முடிந்துவிடும். இது தெரியாமல் தம்பி ஒரு வாரம் தூக்கத்தைத் தொலைத்தார். ஜூனில் ஊருக்குப் போக டிக்கெட் போட்டிருந்தார். இந்தப் பணத்தை நம்பித்தான் கார்டில் தேய்த்திருந்தார்.

நியூயார்க் மாநில வரித்துறைத் தளத்தில் ரீஃபண்ட் நிலை பார்க்கும் பக்கம் ரொம்ப எளிமையானது. சோஷியல் செக்யூரிட்டி நம்பர் (அரசு தரும் தனிநபர் அடையாள எண்), எந்த வரி ஆண்டு, எந்தப் படிவம், திரும்பக் கேட்ட தொகை எவ்வளவு என்று நாலு விவரம் கேட்கும். தம்பி பிப்ரவரி கடைசியில் தினம் ஏழெட்டு தடவை முயன்றிருக்கிறார். கொடுத்த விவரம் பொருந்தவில்லை என்றே பதில். மார்ச் 2, சனிக்கிழமை மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். "அண்ணா, என் ரிட்டர்ன் அவங்ககிட்ட போய்ச் சேரவே இல்லைன்னு நினைக்கிறேன். திரும்ப ஒருதடவை ஃபைல் பண்ணிடலாமா?"

இந்த ஒன்றை மட்டும் யாரும் செய்துவிடாதீர்கள். ஒரே ஆண்டுக்கு இரண்டாவதாக ஒரு ரிட்டர்ன் போனால் முதலாவதும் சேர்ந்து சிக்கும்.

"என்ன போட்டீங்கன்னு என் எதிர்ல ஒருதடவை போடுங்க" என்றேன். போட்டார். ஆண்டு 2024, படிவம் ஐடி-201, தொகை 3,611. மூன்றுமே தப்பு.

ஃபைல் செய்தது 2024இல் என்றாலும் வரி ஆண்டு 2023. ஐடி-201 என்பது வருடம் முழுக்க நியூயார்க்கில் குடியிருந்தவர்களுக்கான படிவம். பாதி வருடம் இருந்தவர்களுக்கும் வெளியிலிருந்து வந்து வேலை பார்ப்பவர்களுக்கும் ஐடி-203. 3,611 இரண்டு அரசாங்கங்களின் பணத்தைக் கூட்டியது, அந்தத் தொகை நியூயார்க்கின் எந்தக் காகிதத்திலும் கிடையாது. "ரிட்டர்ன் பிடிஎஃப் எங்கே?" என்று கேட்டேன். டவுன்லோட் ஃபோல்டரில் இருந்தது. மூன்று வாரமாகியும் ஒருதடவைகூடத் திறந்து பார்த்ததில்லை. நிலை பார்க்கும் பக்கத்தை எப்படியும் நூறு முறை திறந்திருப்பார்.

பிடிஎஃப்பைத் திறந்தோம். முதல் பக்கத் தலைப்பிலேயே ஐடி-203. பின்னால் திரும்பக் கேட்கும் தொகை என்ற வரியில் 2,163. அந்த விவரங்களைப் போட்டதும் பக்கம் உடனே பேசியது: உங்கள் ரிட்டர்ன் கிடைத்தது, பரிசீலனையில் இருக்கிறது. தம்பி விட்ட மூச்சு இருக்கிறதே, பக்கத்து அறையில் என் மனைவிக்கே கேட்டது.

தொகையை ஒரு டாலர் பிசகாமல் ஏன் கேட்கிறார்கள் என்பதை இங்கே சொல்ல வேண்டும், ஏனென்றால் பலருக்கு இதில் எரிச்சல். சோஷியல் செக்யூரிட்டி நம்பர் இப்போது ரகசியம் என்று சொல்லிக்கொள்ளும் நிலையில் இல்லை. 2012இல் தென் கரோலினா மாநில வருவாய்த்துறையின் கணினிக்குள் புகுந்து சுமார் 36 லட்சம் பேரின் எண்களை அள்ளிக்கொண்டு போனார்கள். 2015 பிப்ரவரியில் பல மாநிலங்களில் சந்தேகத்துக்கிடமான ரிட்டர்ன்கள் தலைகாட்டியதால், டர்போடாக்ஸ் என்ற வரி மென்பொருள் நிறுவனம் மாநில ரிட்டர்ன்களை அனுப்புவதையே ஏறக்குறைய ஒரு நாள் நிறுத்தி வைத்தது. அடுத்தவர் பெயரில் ரிட்டர்ன் போட்டு ரீஃபண்டைத் தட்டிக்கொண்டு போவது அப்போது பெரிய தொழில். நம்பரை யார் வேண்டுமானாலும் வைத்திருக்கலாம். ரிட்டர்னில் எழுதிய தொகை அதை ஃபைல் செய்தவருக்குத்தான் தெரியும். பாஸ்வேர்டு போலத்தான் இது. கேள்வி மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கலிஃபோர்னியா இவற்றோடு வீட்டு முகவரியில் வரும் எண்களையும் ஜிப் கோடையும் கேட்கும். நியூ ஜெர்சிக்கு நம்பரும் தொகையும் வேண்டும். தொகையைக் கேட்காமல் விடும் மாநிலங்கள் குறைவு.

காத்திருக்கும் காலமும் அப்படித்தான் இடத்துக்கு இடம் மாறும். ஃபெடரலில் இணையம் வழி அனுப்பினால் பெரும்பாலும் 21 நாளுக்குள் வந்துவிடும். கலிஃபோர்னியா இணையத்துக்கு 3 வாரம் வரை என்றும் காகிதத்துக்கு 3 மாதம் வரை என்றும் சொல்கிறது. நியூ ஜெர்சி இணையத்துக்கே குறைந்தது 4 வாரம், காகிதத்துக்கு 12 வாரம் என்கிறது.

சரி, தம்பியின் கதைக்கு வருவோம்.

பரிசீலனையில் இருக்கிறது என்ற வாக்கியம் கிடைத்ததும் தம்பி அதைத் தினமும் படிக்க ஆரம்பித்தார். காலையில் ரயிலில் ஒன்று, மதியச் சாப்பாட்டுக்கு முன் ஒன்று, படுக்கும்முன் ஒன்று. அது மாறவே இல்லை. மாறாதது இயல்பு, கூடுதலாக எதையாவது கேட்கத் தோன்றினாலொழிய, பணம் போகும் தேதி முடிவாகும்வரை நியூயார்க் பக்கத்தில் அதே வாசகம்தான் இருக்கும். ஐஆர்எஸ் பக்கம்கூட ஒரு நாளைக்கு ஒருமுறைதான், அதுவும் பெரும்பாலும் இரவில், புதுப்பிக்கப்படுகிறது. மூன்று வேளை பார்க்க அது மாத்திரையா என்ன?

மார்ச் மூன்றாம் வாரத்தில் வெறுத்துப்போய் பார்ப்பதையே நிறுத்திவிட்டார். வாசகம் மாறியது அதற்கு அடுத்த வாரம். எங்கள் இருவருக்கும் தெரியாது.

ஏப்ரல் 14, ஞாயிறு, சித்திரை ஒன்று. அவர்கள் வீட்டில் விருந்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். மாங்காய்ப் பச்சடி, பாயசம், வடை எல்லாம் ஆயிற்று. சமையலறையில் தண்ணீர் எடுக்கப் போனேன். ஃப்ரிட்ஜ் மேல் பீட்சா கூப்பன், பல் டாக்டர் விளம்பரம், சோலார் கம்பெனி அட்டை என்று ஒரு குவியல். நடுவில் ஜன்னல் வைத்த வெள்ளை உறை, மூலையில் நியூயார்க் மாநில வரித்துறையின் பெயர். பிரிக்கவில்லை.

"இது என்னம்மா?"

"அதுவாண்ணா, ஏதோ டாக்ஸ் டிபார்ட்மென்ட் பேர்ல வந்தது. ஃபோன்ல வர்ற மாதிரி ஃப்ராடா இருக்கும்னு இவர் அப்படியே வைக்கச் சொன்னார்."

தம்பியைக் குறை சொல்ல மாட்டேன். குறுஞ்செய்தியில் வரும் 'உங்கள் ரீஃபண்ட் தயார், இங்கே தட்டவும்' ரகத்துக்கு அஞ்சி ஒதுங்குவது நல்ல பழக்கம்தான். ஆனால் வரித்துறை உண்மையில் ஏதாவது கேட்க நினைத்தால் அது வரும் வழி இந்தத் தபால் உறைதான். ஐயம் இருந்தால் கடிதத்தில் உள்ள இணைப்பையோ எண்ணையோ நம்ப வேண்டியதில்லை. நாமே துறையின் தளத்தைத் தட்டச்சு செய்து போய், அங்கே அதே கடிதம் பற்றிய குறிப்பு இருக்கிறதா என்று பார்க்கலாம். அங்கேயே நின்றபடி ஃபோனில் பார்த்தோம். தகவல் கேட்டுக் கடிதம் அனுப்பியிருக்கிறோம் என்று பக்கம் தெளிவாகவே சொன்னது.

உறைக்குள் இருந்தது டிடிஎஃப்-948 என்ற கடிதம். தேதி மார்ச் 22. மூன்று வாரமாக ஃப்ரிட்ஜ் மேலே குளிர் காய்ந்திருக்கிறது.

கேள்வி நியாயமானது. டபிள்யூ-2 முழு வருடமும் நகரவாசி என்கிறது. ரிட்டர்ன் பாதி வருடம்தான் என்கிறது. எது சரி, ஆதாரம் காட்டுங்கள். நானே அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தாலும் இதைத்தான் கேட்டிருப்பேன். வருமானத்தையோ கழிவுகளையோ பற்றி ஒரு வார்த்தை இல்லை. தம்பியோ தணிக்கை வந்துவிட்டது, விசாவுக்கே ஆபத்து என்கிற அளவுக்குப் போய்விட்டார். பாயசத்தை இன்னொரு கிண்ணம் கொடுத்து உட்கார வைத்தோம்.

மறுநாள் மாலை காகிதங்களை அடுக்கினோம். எடிசன் வீட்டு லீஸ், முதல் மாத மின்சார பில், ஃப்ளஷிங் வீட்டைக் காலி செய்த கடிதம், நியூ ஜெர்சி டிரைவிங் லைசன்ஸ். லைசன்ஸ் செப்டம்பரில்தான் எடுத்திருக்கிறார். புதிதாகக் குடிவந்தவர்கள் 60 நாளுக்குள் மாற்ற வேண்டும் என்பது நியூ ஜெர்சி விதி. அதுவும் கோட்டை விட்டாயிற்று. இங்கேதான் இன்னொரு முடிச்சு அவிழ்ந்தது. ரிட்டர்னில் ஜூலை 1 முதல் நியூ ஜெர்சிவாசி என்று போட்டிருந்தார். லீஸ் தொடங்குவதோ ஜூலை 15.

"நடுவுல ரெண்டு வாரம் எங்கே இருந்தீங்க?"

"ஃப்ளஷிங்லயே ஒரு ஃப்ரெண்டு வீட்டு பேஸ்மென்ட்லண்ணா. எடிசன் வீடு ரெடியாகல."

அப்படியென்றால் அந்த இரண்டு வாரமும் அவர் நகரவாசிதான். பழைய வீட்டை விட்டாலும் நகரத்தை விடவில்லை. நினைவிலிருந்து ஒரு தேதியைப் போட்டிருக்கிறார், வேறு உள்நோக்கம் இல்லை. மறைப்பதா சொல்வதா என்று அரை நிமிடம் யோசித்தார். லீஸையே ஆதாரமாக அனுப்பப் போகிறோம், அதிலேயே தேதி இருக்கிறது என்றேன். உண்மையான தேதியை எழுதி, ரிட்டர்னில் பிசகிவிட்டது என்று ஒரு பத்தியும் சேர்த்து, துறைத் தளத்தில் அவர் பெயரில் ஒரு கணக்கு திறந்து, கடிதத்துக்குப் பதிலாக எல்லாவற்றையும் ஏற்றினோம். அன்று ஏப்ரல் 15. ஊரே கடைசி நாள் ஃபைலிங்கில் திணறிக்கொண்டிருந்தது.

அப்புறம் ஐந்து வாரம் சத்தமே இல்லை. மே மாதம் மூன்றாவது வாரத்தில் பக்கம் கடைசியாக மாறியது: ரிட்டர்ன் முடிந்தது, இன்ன தேதியில் நேரடியாக வங்கியில் போடப்படும். மே 23 அன்று பணம் வந்தது. 2,025 டாலர். கேட்டதைவிட 138 குறைவு. சில நாளில் கணக்கைத் திருத்திய விவரம் தபாலில் வந்தது, இந்த முறை உறையை உடனே பிரித்தார்கள். இரண்டு வாரச் சம்பளத்துக்கு நகர வரி. அவ்வளவுதான் வித்தியாசம்.

"மூணு மாசம் நம்ம பணத்தை வெச்சிருந்தாங்களே, வட்டி கிடையாதா?" என்று கேட்டார் தம்பியின் மனைவி. நல்ல கேள்வி. நியூயார்க்கில் 45 நாள் என்று ஒரு கணக்கு இருக்கிறது. அதற்குள் கொடுத்துவிட்டால் வட்டி தர வேண்டியதில்லை. பிப்ரவரியிலேயே அனுப்பியிருந்தாலும் அந்த 45 நாள் ஓடத் தொடங்குவது கெடு நாளான ஏப்ரல் 15இல்தான். மே 30 வரை அவர்களுக்கு அவகாசம் இருந்தது. ஒரு வாரம் முன்னாலேயே கொடுத்துவிட்டார்கள்.

தேதி மாறியதால் நியூ ஜெர்சி ரிட்டர்னையும் திருத்தி அனுப்ப வேண்டியிருந்தது. அதில் பெரிய பண வித்தியாசம் இல்லை. ஆனால் ஒன்றைக் கவனித்தேன். நியூயார்க்குக்குக் கட்டிய வரிக்கு நியூ ஜெர்சியில் கிரெடிட் (வரியிலிருந்து கழிவு) எடுக்கும்போது பலர் டபிள்யூ-2வில் பிடித்த தொகையை அப்படியே எழுதிவிடுகிறார்கள். எழுத வேண்டியது நியூயார்க் ரிட்டர்ன்படி உண்மையில் விழுந்த வரியை அடிப்படையாக வைத்து வரும் தொகை. பிடித்ததில் ஒரு பகுதிதான் ரீஃபண்டாகத் திரும்பி வந்துவிட்டதே. தம்பியின் மென்பொருள் இதைச் சரியாகவே செய்திருந்தது. ரீஃபண்டுக்கு அடுத்த வருடம் ஃபெடரலில் வரி உண்டா என்றும் கேட்டார். செலவுகளைப் பட்டியலிட்டுக் கழித்தவர்களுக்குத்தான் அந்தக் கவலை. இவர் பட்டியல் போடாமல் ஒரே நிலையான தொகையைக் கழிக்கும் ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் எடுத்தவர், அதனால் இல்லை.

இன்னொரு விஷயமும் உண்டு. அன்று ஏப்ரல் 15 மாலை காகிதம் அடுக்கும்போது, எதற்கும் பார்ப்போம் என்று கடைசி மாதச் சம்பளச் சீட்டைக் கேட்டேன். எடிசனுக்கு வந்து ஒன்பது மாதம் ஆகியிருந்தது. 'என்ஒய்சி' வரி அதில் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. ஐடி-2104ஐ அப்போதும் மாற்றவில்லை. அன்று இரவே நிரப்பி பேரோலுக்கு அனுப்பினார். மே மாதச் சீட்டில்தான் அந்த வரி மறைந்தது.

ஆக, ஜனவரி முதல் ஏப்ரல் வரை போன நகர வரிக்கு 2025இல் இன்னொரு ரீஃபண்ட். பிப்ரவரியில் ஒரு நாள் காலை ரயிலிலிருந்து கூப்பிட்டார். "அண்ணா, ஃபைல் பண்ணியாச்சு. வருஷம் 2024, ஐடி-203, 1,094 டாலர். இன்னும் ஸ்டேட்டஸ் பாக்கலை." பின்னால் மெட்ரோபார்க் வந்துவிட்டதாக ரயிலில் அறிவிப்பு கேட்டது.